அக்கி ஆறிய பிறகும் வலிக்கிறவர்களுக்கு

அக்கிக் கொப்புளம் வாடி, பொருக்கு உதிர்ந்து, வீட்டில் எல்லோரும் அதை மறந்தும் போயிருப்பார்கள். உங்களுக்கு மட்டும் அந்த இடத்தில் பனியன் உரசினால் உயிர் போகும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வலியோடு உட்கார்ந்து படிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு நாளைக்கு வந்து படியுங்கள். வலி எதுவும் இல்லாத, ஐம்பது வயது தாண்டிய நண்பர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். முதுகில் தொடங்கி இடது அக்குளுக்குக் கீழே வளைந்து மார்பு வரைக்கும், ஒரு கை அகலத்துக்குப் பட்டை போட்ட மாதிரி எனக்கு அக்கி வந்தது. கொப்புளத்துக்கு முன்பே வலி வந்துவிட்டது. இடது நெஞ்சில் வலி என்றதும் வீட்டில் பதறி, ஆட்டோ பிடித்து ஈசிஜி எடுக்கக் கொண்டுபோனார்கள். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று அனுப்பிவைத்தார்கள். பிறகுதான் தோல் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. கிளம்பிய உடனே போய் வைரஸ் மருந்து எடுத்துக்கொண்டேன். அப்படியும் வலி தங்கிவிட்டது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "அப்பவே பார்த்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது" என்று உங்களிடம் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்த மருந்தைச் சீக்கிரம் எடுத்தால் கொப்புளம் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலி குறையும். பின்னால் வலி தங்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுமக்க வேறு நிறைய இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

சின்ன வயதில் நமக்கு வந்த சின்னம்மையும் இந்த அக்கியும் ஒரே வைரஸின் வேலை. வேரிசெல்லா ஜோஸ்டர் என்று பெயர். அம்மை இறங்கி, வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு வேர்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. அங்கே போய் ஒடுங்கிக்கொள்கிறது. வயதாகும்போதோ, வேறு நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பு சக்தி குறையும்போதோ ஒரு முடிச்சில் மட்டும் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வந்து சேர்கிறது. அந்த நரம்பு எந்தப் பட்டைக்குப் போகிறதோ அங்கே மட்டும்தான் கொப்புளம் வரும். இங்கிலாந்தில் சைரன்ஸெஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, பழைய அம்மைதான் உள்ளே இருந்து அக்கியாகக் கிளம்புகிறது என்ற கருத்தை 1965-இல் எழுதினார். ஆய்வுக்கூடம் நிரூபித்தது அதற்கப்புறம்தான்.

ஊரில் ஒரு பயமுறுத்தல் உண்டு: அக்கி சுற்றி வந்து இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று. நரம்பு உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடுவதால் அக்கியும் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

கொப்புளம் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறிவிடும். வைரஸ் வந்த வழியில் இருந்த நரம்புக்கு ஏற்பட்ட சேதம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. வாசலில் ஆளே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கும் காலிங் பெல் மாதிரி, தோலில் ஒன்றுமே இல்லாதபோதும் அந்த நரம்பு மூளைக்கு வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தடிப்பு வந்து 90 நாள் கழித்தும் வலி நீடித்தால் அதற்கு மருத்துவர்கள் போஸ்ட் ஹெர்பெடிக் நியூரால்ஜியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்தில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான்.

இந்த வலியில் விசித்திரம் ஒன்று உண்டு. கையால் அழுத்திப் பிடித்தால் தாங்கலாம், மெல்லத் தடவினால் தாங்க முடியாது. மின்விசிறிக் காற்று படக்கூடாது. பேரக்குழந்தை ஆசையாக வந்து சாய்ந்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் கெட்டவர்கள் இல்லை. காற்று பட்டு வலிக்கும் என்பது, அனுபவித்தவர் தவிர யாருக்கும் புரியாத சங்கதி.

காவி எழுதுவது

நம் பக்கம் அக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குயவர் வீடுதான். செங்காவியை இழைத்து, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு போட்டு, சிங்கம் வரைந்து அனுப்புவார்கள். என் அம்மாவுக்கும் எழுதினார்கள். எனக்கும் எழுதச் சொல்லிப் பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு விருப்பம் இல்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் தானாக ஆறும் நோய் இது. அந்தப் பெயர் காவிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத் தடிப்பு கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வியாழக்கிழமை கொப்புளம் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமைதான் எழுத நல்ல நாள் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். எழுத வேண்டும் என்று ஆசையிருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொள்ளுங்கள். நெற்றி, கண், மூக்கு நுனி இந்த இடங்களில் கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள்ளும் போகும் அபாயம் அதிகம், பார்வைக்கே ஆபத்து. காதுக்குள் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அதே அவசரம்தான்.

மாத்திரைச் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் என்று மெடிக்கலில் வாங்கிப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். மூட்டு வலி, சதை வலிக்கு உதவுகிற இந்த மாத்திரைகள் நரம்பு வலியை அதிகம் சீண்டுவதே இல்லை. மாதக்கணக்கில் தின்றால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

டாக்டர் எழுதும் மருந்துகளைப் பார்த்தால் வீட்டில் ஒரு கலவரம் வரும். அமிட்ரிப்டிலின் என்று கூகுளில் தேடிய என் மருமகன், "மாமா, இது டிப்ரஷனுக்குக் குடுக்கறது. உங்களுக்கு எதுக்கு?" என்றார். பிரிகாபலின், காபாபென்டின் என்று தேடினால் வலிப்பு நோய் என்று வரும். இரண்டும் உண்மைதான். அந்த நோய்களுக்காக வந்த மருந்துகள் நரம்பின் தேவையற்ற கூச்சலையும் அடக்குகின்றன என்பது பின்னால் தெரியவந்தது. உங்கள் வலி மனப்பிரமை என்று டாக்டர் நினைக்கிறார் என்று பொருளில்லை. நார்ட்ரிப்டிலின், டுலோக்செட்டின் ஆகியவையும் இதே வரிசை.

இனி யாரும் உங்களிடம் விளக்கமாகச் சொல்லாத விஷயம். 2015-இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் நரம்பு வலி மருந்துகளின் சோதனைகள் பலவற்றையும் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, கூடுதலாக ஒருவருக்குப் பாதி வலி குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று அதில் கணக்குப் போட்டார்கள். அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6 பேர். பிரிகாபலினுக்கு 7.7 பேர். இருப்பதில் நல்ல மருந்துகளுக்கே இதுதான் மதிப்பெண்.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அது என் உடம்பின் கோளாறோ டாக்டரின் கைராசிக் குறைவோ இல்லை. இந்த மருந்துகளின் இயல்பே அப்படி. ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சில வாரம் அவகாசம் கொடுத்து, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு ‘வேலைக்காகாது’ என்று தூக்கிப்போட்டால் அந்த மருந்தைச் சோதித்ததாகவே ஆகாது.

பக்க விளைவுகளையும் மறைக்காமல் சொல்கிறேன். அமிட்ரிப்டிலினில் வாய் வறளும், மலம் இறுகும், காலையில் தலை பாரமாக இருக்கும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரிகாபலினில் தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழுந்து நில்லுங்கள். அந்த நேரத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அக்கி வலியே தேவலை என்றாகிவிடும். வலி குறைந்துவிட்டது என்று எந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஏற்றிய மாதிரியே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மேலே போடுகிற மருந்துகளும் உண்டு. லிடோகெய்ன் பட்டையைத் தோல் ஆறிய பிறகு ஒட்டிக்கொள்ளலாம். உடம்புக்குள் அதிகம் போகாது என்பதால் ஏற்கெனவே ஏழெட்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வசதி. இன்னொன்று நம் சமையலறைச் சரக்கு: மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின். காரத்தையும் சூட்டையும் உணரும் நரம்பு வாசல் ஒன்றே என்பதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் களிம்பைத் தொடர்ந்து பூசினால் அந்த நரம்பு முனைகள் சலித்துப்போய் மந்தமாகின்றன. முதல் சில நாள் எரிச்சல் கண்ணைக் கட்டும், எல்லோருக்கும் தாங்காது. பூசிய கையால் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், புண்ணாகும்.

பாதி என்கிற கணக்கு

வலி ஆராய்ச்சிகளில் 30 சதவீதம் குறைந்தால் ஓரளவு நிவாரணம், 50 சதவீதம் குறைந்தால் நல்ல நிவாரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முழுக்கப் போக வேண்டும் என்பதை அளவுகோலாக யாரும் வைப்பதில்லை. இது தெரியாமல் நாம் பூஜ்யத்தைத் தேடி அலைகிறோம். பாதி குறைத்துக் கொடுத்த டாக்டரை ‘சரியில்லை’ என்று விட்டுவிட்டு, ‘நூறு சதவீதம் கேரண்டி’ என்று போர்டு வைத்த இடத்துக்குப் போகிறோம். பெயரில்லாத பொட்டலத்தில் கொடுக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஒரு வாரம் சொர்க்கமாக இருக்கும். சர்க்கரை எகிறிய பிறகுதான் விஷயம் தெரியும்.

நரம்பு வலிக்கு வைட்டமின் ஊசி போட்டுக்கொள்வதும் நம்மூரில் அதிகம். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் அது தேவைதான். குறைவே இல்லாதவர் அதை மட்டும் நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

பாதி வலியோடு என்னென்ன செய்யலாம் என்று பார்க்கத் தொடங்கினால்தான் நாள் நகரும். பலருக்கு மாதங்கள் போகப்போக இந்த வலி தானாகவும் குறைகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. யார் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் குறையும் வரை வாழ்க்கையை நிறுத்திவைப்பது நஷ்டம்.

அன்றாடம் கைகொடுத்தவை

துணிதான் முதல் எதிரி. புதுச் சட்டை, கஞ்சி போட்ட சட்டை, பாலியெஸ்டர் எதுவும் ஆகாது. நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி பனியனைத் தையல் வெளியே தெரியும்படித் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். தொளதொளவென்று இருந்தால் காற்றில் அசைந்து அசைந்து உரசும். உடம்போடு ஒட்டி நின்றால் உரசல் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து விலாவைச் சுற்றிச் சற்று இறுக்கமாகக் கட்டிக்கொண்டால் சிலருக்கு நல்ல குணம் தெரிகிறது.

குளிக்கும்போது ஷவர் துளி ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் தோளிலிருந்து மொத்தமாக ஊற்றிக்கொள்ளலாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். மரத்துப்போன தோலில் புண்ணானாலும் தெரியாது. ஈரத்துணியில் சுற்றிய குளிர்ந்த பை சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்குக் குளிர்ச்சியே வலியைத் தூண்டும். நீங்களே பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதுதான்.

மின்விசிறியை நேராகப் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு வலி ஏறும் என்பது எங்களில் பலருடைய அனுபவம். அந்த நேரத்துக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். டிவி போதவில்லை எனக்கு. கண் பார்த்துக்கொண்டிருக்கும், மனசு விலாவிலேயே இருக்கும். கீரை ஆய்வது, பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருவது மாதிரிக் கையும் மூளையும் சேர்ந்து ஓடும் வேலை நன்றாக இழுத்துக்கொள்கிறது.

நடைப் பயிற்சியை விடாதீர்கள். வலி குறைவாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று ஒட்டடை அடித்து, பரண் ஒழித்து, மார்க்கெட் போய்வந்தால் அடுத்த நாள் படுக்கைதான். நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். மோசமான நாளிலும் தெருமுனை வரையாவது போய் வாருங்கள்.

கூட்டாளிகள்

என்னை நிமிர்த்தியது மாத்திரை பாதி, மனிதர்கள் பாதி. மருத்துவமனை பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா புடவைத் தலைப்பை நெற்றியில் படாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அக்கிங்களா?" என்றேன். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டவர், நான் சட்டையை விலாவில் படாமல் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

அவருக்கு நெற்றியில் வந்தது. குங்குமம் வைக்க முடியாது, விரல் பட்டாலே மின்சாரம் அடிக்கும். வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்க, வெறும் நெற்றியோடு இருப்பதைப் பார்த்து உறவுக்காரர்கள் கேட்ட கேள்வி அவருக்கு வலியை விடப் பெரிய வலி. கடைசியில் நெற்றியை விட்டுவிட்டு வகிட்டில் மட்டும் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். எந்த டாக்டரும் எழுதித் தர முடியாத வைத்தியம் இது.

இப்போது நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். எங்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். டிக்கெட் பையின் வார் சரியாக அக்கி இருந்த தோளில் விழும். மாற்றுத் தோளில் போட்டுப் பழக அவருக்கு வெகு நாள் ஆனது. போனில்தான் பேச்செல்லாம். ஆரம்பத்தில் நான், பெஞ்சில் பார்த்த அந்த அக்காவுக்குப் போன் போட்டால் "இன்னிக்கு வலி எப்படிங்கக்கா?" என்றுதான் கேட்பேன். ஒருநாள் அவர் சொன்னார்:

"அதைக் கேக்காதீங்க தம்பி. கேட்டதும் அது எங்க இருக்குன்னு நானே தேட ஆரம்பிச்சுடறேன். இன்னிக்கு என்ன வேலை பார்த்தீங்கன்னு கேளுங்க, சொல்றேன்."

"சரிக்கா. என்ன வேலை பார்த்தீங்க?"

"வடகம் பிழிஞ்சு போட்டேன். பாதியிலேயே வலி வந்துருச்சு. மீதியைச் சாயங்காலம் பிழிஞ்சேன்."

எங்கள் பேச்சுக்கு அன்றிலிருந்து அதுதான் முறை. வலிக்கு மார்க் போடுவதை டாக்டரிடம் வைத்துக்கொள்வோம். எங்களுக்குள் வேலைக் கணக்குத்தான்.

இப்படி நாலு பேர் சேர்ந்தால் சில கட்டுப்பாடு வேண்டும். மாத்திரை அளவை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்யக் கூடாது. பிரிகாபலின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, எனக்குச் சரியாக இருக்கிற அளவு அதிகமாகி, நடக்கும்போதே சாய்ந்துவிடலாம். ‘எனக்கு இருந்ததுக்கு உன்னோடது ஒண்ணுமே இல்லை’ என்ற போட்டி கூடாது. வாட்ஸ்அப்பில் வருகிற அதிசய வைத்தியங்களை அனுப்பக் கூடாது. புலம்ப வேண்டும் என்று தோன்றினால் புலம்பலாம். கேட்கிறவர் யோசனை சொல்லாமல் கேட்டால் போதும்.

ஒன்றை மட்டும் லேசாக விடக் கூடாது. ‘இதுக்கு செத்துடலாம்’ என்று இந்த வலிக்காரர்கள் சொல்வது வழக்கம்தான். அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் நேராகக் கேளுங்கள், அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டாருக்கும் டாக்டருக்கும் தெரிவியுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். தூக்கம் கெட்டு மாதக்கணக்கில் வலித்தால் யாருக்கும் மனசு உடையும். அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை

தோலில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. தொடுவதற்கு முன் கேளுங்கள். வலிக்கிற பக்கம் எது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். அவர்கள் பெரியவர்களை விட நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். அதே சமயம், எல்லா வேலையையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள். "நீங்க சும்மா உக்காருங்கப்பா" என்பது அன்பாகச் சொல்வதுதான். சும்மா உட்கார்ந்தால் வலி இரண்டு பங்காகத் தெரியும்.

டாக்டரிடம் போகும்போது

ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த நேரத்தில் வலி ஏறுகிறது, சட்டை போட முடிகிறதா, எந்த மாத்திரையில் என்ன தொல்லை. "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதை விட, "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிடுது, மறுபடி தூக்கம் வரலை" என்றால் எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்று அவரால் தீர்மானிக்க முடியும். மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

மாத்திரைகள் கைகொடுக்காவிட்டால் அதோடு முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். வலிக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் மயக்கவியல் நிபுணர்கள் நடத்துவார்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். நரம்பைச் சுற்றி ஊசி போடுவது போன்ற அடுத்த கட்ட வழிகளை அவர்கள் சொல்வார்கள்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. சிங்ரிக்ஸ் என்று பெயர். இந்தியாவில் 2023 முதல் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு ஊசி, இரண்டுக்கும் நடுவில் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. 2015-இல் வெளியான பெரிய சோதனையில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 97 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் நடத்திய இன்னொரு சோதனையிலும் சுமார் 90 சதவீதம். கை வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம். விலைதான் இடிக்கிறது: ஓர் ஊசியே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. குறைந்தது அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்காவது கொடுக்கலாம்.

எங்களைப் போல ஏற்கெனவே வலி தங்கியவர்களுக்கு இந்த ஊசி வலியைக் குறைக்காது. ஆனால் அக்கி இரண்டாம் முறையும் வரக்கூடியது என்பதால், ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யாருக்காவது அக்கி என்று கேள்விப்பட்டால், காவி எழுத நாள் பார்ப்பதற்கு முன்னால் அவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவையுங்கள். கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவர்களுக்கு அது சின்னம்மையாகத் தொற்றும். ஆறும் வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியிருக்கட்டும். மூன்று மாதம் கழித்தும் அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.